தானே அணையும் நூல்

விமானம் ஏறுவதற்கு முன்னால் துப்பாக்கியையும் பேட்ஜையும் அலுவலகப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "அங்கே நீ விடுமுறைக்குப் போன ஒரு பெண், அவ்வளவுதான். அதை மறந்துவிடாதே" என்றார் என் மேலதிகாரி. மறந்தால்தானே? இடுப்பில் அந்தக் கனம் இல்லாமல் நடப்பது எனக்குச் செருப்பில்லாமல் நடப்பதுபோல் இருந்தது.

என் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிவதில்லை. மதுரையில் என் அம்மா அக்கம்பக்கத்தில் "எம்மக அமெரிக்காவுல தீயணைப்பு ஆபீஸரு" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அது பாதி உண்மை. நெருப்பை அணைத்துவிட்டு எல்லாரும் வண்டி ஏறிப் போனபிறகு, கரியைக் கிளறி, இது எங்கே பிடித்தது, தானாகப் பிடித்ததா, யாராவது வைத்தார்களா என்று கண்டுபிடிக்கிற ஆள் நான். யாரோ வைத்தார்கள் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். நானே போய்க் கைவிலங்கு போடுவேன். நான் வேலை பார்க்கும் மாநிலத்தில் சட்டம் எங்களுக்குப் போலீஸ்காரருக்குள்ள அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஒரு கட்டடத்துக்குச் சீல் வைக்கலாம். ஆளை வரவழைத்துச் சத்தியம் வாங்கி விசாரிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் கோப்பைக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் இதே சட்டம் ஒரு இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தும். நெருப்பு எரியும்போது யார் வீட்டுக்குள்ளும் அனுமதி கேட்காமல் போகலாம். அணைத்த பிறகும் காரணம் தேட நியாயமான நேரம்வரை உள்ளே இருக்கலாம். வேலையை முடித்து வெளியே வந்துவிட்டேனா, மறுபடி உள்ளே போக நீதிபதியிடம் காகிதம் வாங்கவேண்டும். குற்றம் நடந்திருக்கிறது என்ற சந்தேகத்தில் தேடுவதானால் அதற்குத் தனிக் காகிதம், அதற்குத் தனியாகக் காரணம் சொல்லவேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கிளம்புவேன். இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறக்கிற அதிகாரம் என்ன லேசுப்பட்டதா?

ஆரணிக்கு நான் போனது அப்படி ஒரு கதவுக்காகத்தான். எங்கள் நகரத்தில் தனசேகர் என்பவர் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்தார். ஆரணிக்காரர். ஒரு மாலை அவர் கடையைப் பூட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் உள்ளே நெருப்பு. மேல்மாடியில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் குடியிருந்தது. ஏணி வைத்து இறக்கினார்கள். ஆள்சேதம் இல்லை என்பது கடவுள் புண்ணியம். ஆனால் ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குத் தெரிந்தே நெருப்பு வைத்தார் என்று முடிவானால், தனசேகர் மீதி வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறையில் கழிக்கவேண்டியதுதான்.

எல்லாம் அவருக்கு எதிராகவே இருந்தது. நெருப்பு பிடித்தது தரை மட்டத்தில், மேசைக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையில். மின்சாரக் கோளாறு இல்லை. காப்பீட்டைச் சமீபத்தில்தான் கூட்டியிருந்தார். மேசைக்கு அடியில் ஒரு தகர டப்பா நிறைய நுனி கருகிய நூல்கள், கூடவே லைட்டர்கள். கேட்டதற்கு, "எங்க ஊர்ல நூல கொளுத்திப் பாத்துதாங்க பட்ட விப்போம்" என்றார். அன்று மாலையும் ஒரு வாடிக்கையாளர் வேறெங்கோ வாங்கிய புடவையைக் கொண்டுவந்து சோதித்துத் தரச் சொன்னாராம். கொளுத்தினாராம், சுத்தமான பட்டாம், அணைந்துவிட்டதாம்.

அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் அவரை மாட்டிவிட்டது. பட்டு தொடர்ந்து எரியாது. நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். என் தொழிலில் அது பாலபாடம். சுத்தமான பட்டு நூல் அந்தக் கூடையைப் பற்றவைத்திருக்க முடியாது. அப்படியானால் வேறு எது, யார்? அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்து, "நீயும் தமிழ்ப்பெண்தானே, உங்கள் ஊரில் இப்படிக் கொளுத்திப் பார்ப்பார்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தபோது யாரும் என் எதிரில் எதையும் கொளுத்தவில்லை. எப்படியும் அம்மாவைப் பார்க்க விடுமுறை எடுத்திருந்தேன். வழியில் ஆரணிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அங்கே பார்ப்பது எதுவும் சாட்சியம் ஆகாது, ஆனால் கேட்க மறந்த கேள்வி ஏதாவது கிடைத்தால் திரும்பி வந்து கேள் என்றார்.

வேலூரில் பஸ் ஏறும்போதே என் அதிகாரத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது. "ஆரணி போகுமா?" என்று நான் கேட்டது நடத்துநர் காதில் விழுந்ததா, அவர் தலையை ஆட்டியது எனக்காகத்தானா என்பதெல்லாம் இன்றுவரை தெரியாது. சன்னலோர இருக்கை, நல்ல காற்று, கண் அசந்துவிட்டேன். விழித்தபோது சந்தவாசல் என்று ஒரு பலகை ஓடியது. அது போளூர் போகிற பஸ். நடத்துநர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் குற்றவாளிகளைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. "கண்ணமங்கலத்துலயே எறங்கிக்கினு ஆரணி வண்டி புட்சிருக்கணும். தூங்கிகினு வந்தா நான் இன்னா பண்றது?" என்று இறக்கிவிட்டார்.

டீக்கடைப் பெண்மணி ஒருத்தி என் பெட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உட்காரச் சொன்னாள். சூடாக மசால் வடை கொடுத்தாள். வடையில் சோம்பு கொஞ்சம் தூக்கல், ஆனாலும் பசிக்கு அமிர்தம். அடுத்த வண்டி எப்போது என்றால் "இப்ப வந்துரும்" என்றாள். அந்த "இப்ப" நீண்டுகொண்டே போனது. எங்கள் நகரத்தில் பஸ் கொஞ்சம் தாமதமானால் மேலிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிற ஆள் நான். இங்கே யாரிடம் போய் முறையிடுவது? இரண்டாவது வடையைத் தின்றேன்.

ஆரணியில் என் கல்லூரித் தோழி எஸ்தர் இருக்கிறாள். மதுரைக்காரி. ஆரணிக்குக் கல்யாணமாகி வந்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "எவ்ளோ நேரமா நின்னுகினு இருக்கேன் தெரியுமாடி?" என்றாள். "என்னடி இது, மதுரைக்காரி பேச்சா?" என்றேன். "நீ இங்கிலீசுல தும்முற, நான் ஆரணியில பேசக்கூடாதா?" என்று வாயை அடைத்துவிட்டாள். அவள் வீட்டில் மதியம் மட்டன் குழம்பும், பூப்போல உதிரியாக வெந்த ஊர் அரிசிச் சோறும். அமெரிக்காவில் மூட்டை மூட்டையாக எத்தனையோ அரிசி வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு வாசனை வந்ததில்லை. மூன்றாம் முறை போட்டுக்கொண்டபோது எஸ்தரின் கணவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் நெசவாளர் தெருக்களுக்குள் நடந்தோம். ஒரு வீட்டிலிருந்து கைத்தறியின் தட்டல் நின்று நிதானமாக வரும், அடுத்த வீட்டில் விசைத்தறி மூச்சுவிடாமல் இரையும். தெருவின் நீளத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் பாவு நூல் விரித்துக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே குனிந்து ஒரு ஆட்டோ போயிற்று. இத்தனை பட்டு, இத்தனை மரம், இத்தனை மின்கம்பி, ஒட்டி ஒட்டி வீடுகள். என் தொழில் கண்ணுக்கு இது எரியக் காத்திருக்கும் ஊர். ஆனால் இந்த ஊர் தலைமுறை தலைமுறையாக எரியாமல் புடவை நெய்துகொண்டிருக்கிறது. நடுத்தெருவில் வாயைப் பிளந்து நின்றேன். எஸ்தர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

பெரிய கடைகளில் ஏறினோம். கொளுத்திக் காட்டுவீர்களா என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கோபித்துக்கொண்டார். எல்லாரும் புடவையில் தொங்கும் பட்டு முத்திரை அட்டையைத்தான் காட்டினார்கள். அதெல்லாம் அந்தக் காலம் மேடம், இப்போது அட்டை இருக்கிறது, ரசீது இருக்கிறது, யார் நூலைக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். ஒவ்வொரு கடையைவிட்டு இறங்கும்போதும் எனக்கு நெஞ்சு கனத்தது. அந்த ஆள் சொன்னது பொய்யாக இருந்தால் நான் ஊருக்குத் திரும்பியதும் செய்யவேண்டிய முதல் வேலை அவர் கையில் விலங்கு மாட்டுவதுதான். ஒரு தமிழனைத் தமிழில் விசாரித்துத் தமிழிலேயே பிடித்துக் கொடுக்கிற பெருமை எனக்கு வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது.

மறுநாள் காலையில் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். வெளியூர் போனால் கோயிலுக்குப் போகிறேனோ இல்லையோ, இதை விடமாட்டேன். நிலைய அலுவலர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். என் வேலையைச் சொன்னதும் அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி துப்பாக்கி பற்றித்தான். நெருப்பு எரிகிற வீட்டுக்குள் புகவும், கதவை உடைக்கவும், ஆளை அப்புறப்படுத்தவும் அவர்களுக்கும் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அணைத்த பிறகு காரணம் என்ன என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆளைப் பிடிப்பது, விசாரிப்பது எல்லாம் போலீஸ்.

"எங்க கையில அந்தப் பவர் இல்லாததும் ஒரு விதத்துல நல்லதுதாங்க மேடம்" என்றார் அலுவலர். "நெருப்பு புட்ச்சா ஜனங்க மொதல்ல எங்களத்தான் கூப்புடுறாங்க. புடிச்சிகினு போயிடுவாங்களோன்னு ஒரு பயம் வந்துட்ச்சின்னா, கூப்புட யோசிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் நகரத்தில் நெருப்பு பிடித்த வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அது எதனால் என்று நான் யோசித்ததே கிடையாது. நீதிபதியின் காகிதத்தைப் பற்றி நான் சொன்னபோது அலுவலர் என்னிடம் ஒன்றைக் கேட்டார். நான் நீதிபதியிடம் காகிதம் வாங்காமல் உள்ளே போய் எடுத்த சாட்சியம் என்னவாகும்? நீதிமன்றம் தூக்கிப் போட்டுவிடும், ஆள் உண்மையிலேயே நெருப்பு வைத்திருந்தாலும் தப்பிக்கலாம் என்றேன். துப்பாக்கி வைத்திருக்கிற ஆளையே ஒரு காகிதம் வாசலில் நிறுத்திவைக்குமா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வியந்ததைப் பார்த்ததும் எனக்கே புதிதாக வியப்பு வந்தது.

முந்தின நாள் கடை கடையாக ஏறியது வீண் என்று எஸ்தரிடம் புலம்பினேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டாள். "கடையில போயி கேட்டா அட்டதான் காட்டுவாங்க. வியாபாரி நெசவுகாரங்ககிட்ட எடுக்கற எடத்துல போயி உக்காரணும்" என்றாள். பிறகு என் பெட்டியைக் குடைந்து, மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று நான் கொண்டுவந்திருந்த அரக்குநிறப் பட்டுப்புடவையை வெளியே எடுத்தாள். என் மாமியார் கொடுத்தது. கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை அதன் விலையைச் சொல்லிக் காட்டாத தீபாவளி கிடையாது. "இதையும் எட்துகினு வா. உங்க மாமியார் லட்சணமும் தெரிஞ்சிரும்" என்றாள்.

ரத்தினவேல் என்ற வியாபாரியின் வீட்டுக்குப் போனோம். மொத்தமாகப் புடவை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். எஸ்தரின் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா. அமெரிக்காவிலிருந்து பட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்று மட்டும் எஸ்தர் சொன்னாள். அது பொய் இல்லை. ரத்தினவேல் வெள்ளை வேட்டியும் மோதிரமுமாகச் சிவப்புத் தரையில் பாய்போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரில் நெசவாளர்கள் புடவைகளோடு. அவர் ஒரு புடவையை விரித்தார், மூலையில் இழுத்து நாலைந்து இழை உருவினார், லைட்டரைத் தட்டினார்.

அவ்வளவுதான். எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. தனசேகர் பொய் சொல்லவில்லை.

நூல் சுருண்டது, கருகியது, லைட்டரை எடுத்ததும் அணைந்தது. முடி பொசுங்குகிற வாசனை. விரலால் நசுக்கினார், சாம்பல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆய்வகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் பலமுறை பார்த்ததுதான். ஆனால் லட்சக்கணக்கில் பட்டு குவிந்துகிடக்கும் ஒரு கூடத்தின் நடுவில், ஒருவரும் தலையைக்கூட நிமிர்த்தாமல் இதைச் செய்வதைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பூச்சியின் வாயிலிருந்து வந்த இழை. நெருப்பை எடுத்தால் எரிய மறுக்கிறது. அதை யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அடுத்த புடவை, அடுத்த நூல். பாதி வேளைகளில் நசுக்கிக்கூடப் பார்க்கவில்லை. கொளுத்துவார், வாசனை மூக்கில் ஏறும், நூலைக் கீழே விட்டுவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவார்.

என் மாமியார் புடவையின் முறை வந்தது. ரத்தினவேல் அதை விரித்து, ரவிக்கைத் துண்டின் வெட்டிய மூலையில் நெடுக்கும் குறுக்குமாகச் சில இழைகளை உருவி ஒன்றாகத் திரித்துக் கொளுத்தினார். முடி வாசனை வந்தது. நூலைக் கீழே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "சுத்தமான பட்டும்மா. உங்க மாமியாருக்குப் பெரிய மனசு" என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்தேன். நெருப்பு என்று ஒன்று இருந்தால் அது அணையும்வரை என் கண் வேறு எங்கும் போகாது, என் பிழைப்பு அப்படி.

நூல் அணையவில்லை. ஒரு பக்கம் கருகி நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் நகக்கண் அளவு சுடர் ஒன்று மெள்ள ஊர்ந்துகொண்டிருந்தது. கறுப்பாக ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். ரத்தினவேல் குனிந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. வெறுங்காலால் அதை நசுக்கினார். மறுபடி மூலையில் உருவி, இந்தமுறை நெடுக்கு இழையையும் குறுக்கு இழையையும் பிரித்துத் தனித்தனியாகக் கொளுத்தினார். நெடுக்கே ஓடும் பாவு பட்டு, உடனே அணைந்தது. குறுக்கே ஓடும் ஊடை விடாமல் எரிந்து உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி கட்டியது. பாலியஸ்டர். பாதிப் பட்டு கொடுக்கிற வாசனையில் மீதிப் பாதி ஒளிந்துகொண்டு வந்துவிட்டது. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "மாமியார் உன்ன பாதிதான்டி மருமகளா ஏத்துகினு இருக்காங்க" என்றாள் எஸ்தர். வேறு நாளாக இருந்திருந்தால் நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

ரத்தினவேலிடம், கொளுத்தின நூலைக் கீழே போட்டபிறகு அணைந்ததா என்று பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குங்க பாக்கணும்?" என்றார். "பட்டு தானா அணஞ்சிடும்."

இது போலியாக இருந்ததே என்றேன். முழுப் போலியானால் பிளாஸ்டிக் நாற்றம் அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும், உடனே காலால் தேய்த்துவிடுவோம், இப்படிக் கலந்து செய்கிற திருட்டுவேலைதான் பேஜார் என்றார். எதிலாவது பற்றிக்கொண்டது உண்டா என்றேன். அவர் உள்ளங்கையால் தரையைத் தட்டினார். சிமெண்டுத் தரை. இங்கே எரிய என்ன இருக்கிறது என்றார்.

என் கண்ணெதிரில் அந்தக் கடை வந்து நின்றது. சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த தரை. மேசைக்குப் பக்கத்தில் கூடை. கூடை நிறையப் புடவை சுற்றிவரும் மெல்லிய காகிதமும் பிளாஸ்டிக் உறையும். தனசேகர் கொளுத்தியிருக்கிறார், வாசனை பிடித்திருக்கிறார், இந்த ஊர்க் கை எப்படி விடுமோ அப்படி விட்டிருக்கிறார். சிமெண்டுத் தரையில் சிறுவயதிலிருந்து பழகின கை அது.

ரத்தினவேல் புடவையை மடித்துக்கொண்டே, தானாகப் பேச்சை எடுத்தார். "அமெரிக்காவுல எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கட எரிஞ்சிபோச்சாம். தனசேகருன்னு. அவனே வெச்சிட்டான்னு சொல்லிகினு இருக்காங்களாம். நீங்க அங்கதான இருக்கீங்க, எதுனா கேள்விப்பட்டீங்களா? பட்டுல வளந்தவன் பட்டுக்கு நெருப்பு வெப்பானாம்மா?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கக்கூடாது. நடக்கிற விசாரணையைப் பற்றி யாரிடமும் பேச எனக்கு அனுமதி இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வந்தவளுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசி நாள் முழுக்க எஸ்தர் என்னை வீடு வீடாக அழைத்துப் போனாள். ஒருவர் செய்வதை வைத்து ஊர்வழக்கம் என்று சொல்லிவிட முடியாது. கைத்தறிக்காரர்கள், விசைத்தறிக்காரர்கள், சாயம் போடுகிறவர்கள், ஒரு பாதிரியாரின் தங்கை. எல்லாரும் கொளுத்தினார்கள். எல்லாரும் கீழே விட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன இடமெல்லாம் கதவு திறந்தே இருந்தது. யாரும் என்னிடம் நீ யார், எந்த உரிமையில் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. உள்ளே வரச்சொல்லி, தறியில் உட்காரவைத்து, சாப்பிட்டாயா என்றார்கள். இரண்டு விதக் காகிதத்தோடு போனாலும் எனக்குக் கிடைக்காத வரவேற்பு. ஒரு வீட்டில் ஆற்காட்டு மக்கன் பேடா வைத்தார்கள். பாகு விரலில் வழிய அதைத் தின்றுகொண்டே, எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பெட்டகத்தைத் திறந்து பேட்ஜை எடுத்துக்கொண்ட கையோடு மேலதிகாரியிடம் போய், எனக்குக் கேள்வி கிடைத்துவிட்டது என்றேன். அன்று மாலை தனசேகரின் கடைக்கு வந்த பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவள் புடவையைத் தானே எடுத்துக் கொடுத்தாள். ஆய்வகம் சோதித்துச் சொன்னது: பாவு பட்டு, ஊடை பாலியஸ்டர். எரிந்துபோன கூடையைப்போல ஒன்றில் அதே காகிதம், அதே உறையைப் போட்டு, அந்தப் புடவையின் இழையைக் கொளுத்திப் போட்டார்கள். பிடித்துக்கொண்டது.

ஆனால் தனசேகர் நூலைக் கூடையில்தான் விட்டார் என்று அவர் வாயால் சொன்னால்தான் என் அறிக்கை நிற்கும். அவரை வரவழைத்தேன். அவருடைய வழக்கறிஞரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் என் சகா ஒருவரும் கூட உட்கார்ந்தார்கள். சோதனை முடிவை நான் முன்னால் சொல்லக்கூடாது, சொன்னால் பதிலை நானே ஊட்டியதாக ஆகிவிடும். பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு, பேசினால் அது அவருக்கு எதிராகப் பயன்படலாம் என்று தமிழில் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

எந்த மூலையில் இழை உருவினீர்கள் என்று கேட்டேன். ரவிக்கைத் துண்டின் மூலையில் என்றார். பாவா, ஊடையா? ரெண்டும் சேர்த்து என்றார். கொளுத்திய நூலை எங்கே போட்டீர்கள்? எப்போதும் டப்பாவில்தான் போடுவேன் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அன்று டப்பா மேசைக்கு அடியில் உள்ளே தள்ளிக் கிடந்தது. கூடைதான் கைக்கு எட்டியது என்றார்.

"போட்டதுக்கப்புறம் அணஞ்சிருச்சான்னு பாத்தீங்களா?"

வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்து, பதில் சொல்லவேண்டாம் என்றார். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், அவர் வேலையை அவர் செய்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. காத்திருக்கவேண்டியதுதான். தனசேகர் வழக்கறிஞரின் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"இல்லீங்க. பாக்கல. அந்தம்மா மொகத்ததான் பாத்துகினு இருந்தேன். பட்டுன்னு சொன்னதும் அவங்க எவ்ளோ சந்தோசப்பட்டாங்க தெரியுமா?"

போதும் என்று ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அந்தப் புடவையின் சோதனை முடிவை அவர் முன் வைத்தேன். தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். விபத்து என்றே எழுதப் போகிறேன், உங்கள்மேல் குற்றம் எதுவும் இல்லை, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றேன். வழக்கறிஞர் கண்ணை மூடி மூச்சு விட்டார். என் சகா சிரித்தபடி எழுந்து அவருக்குக் கைகொடுக்க வந்தார்.

தனசேகர் கையை நீட்டவில்லை. வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதமும் தான் செய்யவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றிருக்கிறார்.

"அப்போ என் கைதாம்மா" என்றார்.

நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"மாடியில இருந்தவங்ககிட்ட பேசவே கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. நான் வெக்கல, நான் ஏன் போயி பேசணும்னு நானும் வுட்டுட்டேன். சின்னக் கொழந்தைங்கம்மா. இப்ப நான் போயி அவங்கள பாக்கலாமா?"

வழக்கறிஞரைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்திருந்தார். வழக்கறிஞர் தலை குனிந்துகொண்டார். பார்க்கலாம், தடை எதுவும் இல்லை என்றேன். தனசேகர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். அவர்கள் இப்போது குடியிருக்கும் இடம் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் முகவரியைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மாடியில் குடியிருந்த அந்தக் குடும்பத்துக்கு அங்கிருந்தே போன் செய்து, உங்களைப் பார்க்க ஒருவர் வரலாமா என்று கேட்டேன்.